பேரேட்டில் ஏறாத துப்பாக்கி

2005ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன்னர், திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்தை அடுத்த தானாகுளம் கிராமத்தில், கும்மிடிப்பூண்டித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் முன்னாள் அமைச்சருமான கே. சுதர்சனம், கதவை உடைத்துக்கொண்டு புகுந்த கொள்ளைக் கூட்டத்தாரால் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கவரைப்பேட்டையிலிருந்து வெகுதூரமில்லாத அச்சிற்றூரில் நிகழ்ந்த அக்கொலை, ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஒரு மக்கள் பிரதிநிதியின் கொலை என்பதனால் மட்டுமன்றி, வீட்டுக் கொள்ளைக்குத் துப்பாக்கியோடு வருவதென்பது இப்பிரதேசத்து ஜனங்கள் அதிகம் கண்டறியாத ஒன்று என்பதனாலும், நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களிலெல்லாம் பெரும் பீதியை உண்டாக்கிற்று. லாரிகளில் வந்து, சாலையோரத்துத் தனி வீடுகளைத் தேர்ந்து கொள்ளையிட்டு, மாநிலம் கடந்து மறைந்துவிடும் வடநாட்டுக் கூட்டம் ஒன்றே இதனைச் செய்தது என்று துப்புத் துலங்கியபின், காவல்துறை அதிகாரி எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் அமைந்த தனிப்படையினர் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் ஹரியானாவிலும் அலைந்து அக்கூட்டத்தாரைப் பிடித்த வரலாறு, பின்னர் 2017இல் ஒரு திரைப்படத்துக்கே கருப்பொருளாயிற்று. தொகுதியில் அவ்வாண்டு மே மாதம் இடைத்தேர்தல் நடந்து, மறைந்தவரின் மகனே உறுப்பினரானார்.

திரைப்படத்திலும் பத்திரிகைகளிலும் துரத்தலும் பிடிப்பும் விரிவாகப் பேசப்பட்டன. அந்தத் துப்பாக்கி எந்தச் சட்டத்தின் ஆளுகைக்கு உட்பட்டது என்று எவரும் கேட்டதாக நினைவில்லை. இந்தியாவின் படைக்கலச் சட்டம் உலகத்துச் சட்டங்களுள் கடுமையானவற்றின் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. இருந்தும் அதன் உரிமப் பிரிவுகளுள் ஒன்றேனும், யாரோ ஒரு பட்டறையில் கடைந்து முடித்த அந்தக் கள்ளத் துப்பாக்கியை ஒரு கணமும் தொட்டதில்லை. தேசங்களின் துப்பாக்கிச் சட்டங்களை ஒப்பிடுவோர், வயது வரம்பு இவ்வளவு, உரிமக் காலம் இவ்வளவு, தண்டனை இவ்வளவு என்று பத்திபத்தியாக எழுதிக் காட்டுவதே வழக்கமாக இருக்கிறது. அவ்வாறு செய்வதில் பிழையில்லை. ஆயினும், ஒரு சட்டம் யாரைக் கண்டு அஞ்சிய காலத்தில் எழுதப்பட்டது என்பதையும், அது கண் வைக்காத திசை எது என்பதையும் பாராமல் ஒப்பிட்டால், காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டதாகவே முடியும் என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் மக்கள் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்த கதை 1857க்குப் பிறகுதான் தொடங்கிற்று என்று வடநாட்டுச் சரித்திர நூல்களைப் படித்தவர்கள் எண்ணுவர். தமிழகத்தில் அது அரை நூற்றாண்டுக்கு முன்னரே நடந்தேறியது. 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், பாளையக்காரர்கள் தங்கள் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு மேஜர் பானர்மன் கட்டளையிட்டான். அடுத்த கிளர்ச்சியும் அடங்கி மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் மாய்ந்த 1801ஆம் ஆண்டின் டிசம்பரில், சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், கோட்டைகளை இடித்துத் தள்ளியதோடு ஆயுதம் தாங்குவதையும் தடை செய்தது. குடிமகனுக்கும் படைவீரனுக்கும் இடையே தெளிவான கோடு இல்லாதிருந்த காவல் முறையும் பாளைய முறையும் அத்தோடு குலைந்தன. வேலும் வாளும் வளரியும் துப்பாக்கியும் சகஜமாகப் புழங்கிய தென்னாட்டுச் சமூகம், துப்பாக்கியை அபூர்வப் பொருளாகக் கருதத் தொடங்கியதற்கு அப்பிரகடனம் ஒரு முக்கியக் காரணம் என்று கொள்வதற்கு இடமிருக்கிறது.

இந்தியா முழுமைக்குமான படைக்கலச் சட்டம் 1878இல் வைசிராய் லிட்டன் காலத்தில் பிறந்தது. நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டத்தை அதே ஆண்டில் கொண்டுவந்தவர் அவரே என்பது தற்செயலன்று. உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம் என்றது அச்சட்டம். ஐரோப்பியருக்கு மட்டும் அந்த நிர்ப்பந்தத்திலிருந்து விலக்கு அளித்தது. விசுவாசத்துக்குப் பரிசாகக் குடகருக்குக் கிடைத்திருந்த விலக்கோ இன்றளவும் தொடர்ந்து, 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அப்படைக்கலச் சட்டத்துக்கு ஏழாண்டுகள் முன்னால், 1871இல், பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று சில ஜாதிகளைப் பட்டியலிட்ட குற்றப் பரம்பரைச் சட்டமும் வந்திருந்தது. ஒன்று மனிதரைப் பேரேட்டில் ஏற்றியது, மற்றொன்று ஆயுதத்தை ஏற்றியது. ஆளப்படுவோர் அனைவரும் சந்தேகத்துக்குரியோர் என்ற ஒரே சித்தாந்தம்தான் இரண்டுக்கும் தாய். தானாகுளத்துக் கொள்ளையர் வந்த பவாரியா சமூகமும் அந்த 1871ஆம் ஆண்டு முத்திரையைச் சுமந்த சமூகங்களுள் ஒன்று என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒரு கூட்டத்தின் குற்றத்தை ஒரு ஜாதியின் சுபாவமாக எழுதிவிடும் பத்திரிகைப் பழக்கம் அந்தப் பழைய சட்டத்தின் எச்சமேயாகும்.

உரிமச் சட்டம் எத்தனை இறுக்கமாக இருப்பினும் எல்லைக்கு அப்பால் வேறு சட்டம் இருந்தால் என்னவாகும் என்பதற்குத் தமிழகமே ஒரு சோதனைச்சாலையாக இருந்திருக்கிறது. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். சென்னை மாகாணத்தில் ஓர் ஏழைக் குமாஸ்தா அத்தகைய ஆயுதத்துக்கு உரிமம் கேட்டு மனுச் செய்திருந்தால் மனுவோடு அவரும் விசாரணைக்குப் போயிருப்பார். ஆனால் பிரிட்டிஷ் சட்டம் செல்லுபடியாகாத பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே இரவில் எட்டிவிடும் தூரத்தில் இருந்தது, அங்கே வ.வே.சு. ஐயரிடம் குறிபார்த்துச் சுடும் பயிற்சியும் கிடைத்தது. ஒரே மொழி பேசும் ஒரே நிலத்தில் இரண்டு ராஜ்யங்கள், இரண்டு சட்டங்கள். சென்னைச் சர்க்காரின் போலீசார் புதுச்சேரியின் வீதிகளில் ஒற்றர்களை நிறுத்தி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

தேசிய இயக்கத்தார் படைக்கலச் சட்டத்தை ஓர் அவமானமாகவே கருதினர். அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே, 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்த்தபோது வெளியிட்ட துண்டறிக்கையில், ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய அச்சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கரிய செயலாகக் குறிப்பிட்டார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அந்த வாசகத்தை இன்று அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் தம் வாதத்துக்குத் துணையாக எடுத்துக்கொள்வது அதைவிட வியப்பு. 1931இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்ற வாசகம் இருந்தது. சுதந்திரம் வந்தபின் கதை மாறிற்று. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கவேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, சபையும் தள்ளிவிட்டது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையே 19ஆம் ஷரத்தில் இடம்பெற்றது. பிரிவினையின் ரத்தம் காயாத நாட்களில் அம்முடிவு எடுக்கப்பட்டது என்பதை நினைத்தால், சபையின் தயக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1959இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய படைக்கலச் சட்டம் இன ரீதியான பழைய விலக்கை ஒழித்தது. உரிமம் கேட்பவருக்குப் போதிய சொத்து இல்லை என்னும் காரணத்தால் மட்டுமே மறுத்தலாகாது என்றும் எழுதியது. ஜமீன்தாருக்கும் மிராசுதாருக்கும் மட்டுமே துப்பாக்கி என்றிருந்த காலத்துக்குப் பின், இது சிறிய விஷயமன்று. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவில் உழவனுக்கென்றே ஒரு வாசகம் இருக்கிறது: பயிரைக் காக்கும் மெய்யான நோக்கத்தோடு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு ஒரு பிரஜை விண்ணப்பித்தால், மறுப்பதற்குரிய வேறு காரணம் இல்லாதவரையில், உரிமம் வழங்கப்படவேண்டும். ஏனைய ரிவால்வருக்கும் ரைபிளுக்கும் தக்க காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தியடைந்தாக வேண்டும்.

இந்த வாய்வழித் துப்பாக்கியைத்தான் நம் ஊர்ப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்கிறோம். நரிக்குறவர் தோளில் இதைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏரிக்கரைகளில் கொக்கும் நாரையும் தேடித் திரிந்த காட்சி, பழவேற்காட்டுக் கழிமுகத்தை ஒட்டிய ஊர்களின் முதியவர்களுக்கு இன்னும் மறந்திராது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, கந்தல் துணியை மேலே திணித்து நீண்ட கம்பியால் இடித்து, ஈய ரவையைப் போட்டு மறுபடியும் அடைத்து, விசையடியில் கேப்பு ஒன்றைப் பொருத்தி முடிப்பதற்குள், குறிவைத்த பறவை எழுந்து இரண்டு ஏரி கடந்துவிடும். ஒரு முறை வெடித்தால் மறுமுறை வெடிக்க இத்தனை சிரமமும் மீண்டும் உண்டு. ஆகவேதான் சட்டம் இதனிடத்தில் சற்றே தாராளம் காட்டிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தபின், நரிக்குறவர் கையிலிருந்த துப்பாக்கியின் நியாயமான உபயோகம் குறுகிப்போயிற்று. அவர்கள் ஊசிமணி பாசிமணி வியாபாரத்துக்குத் திரும்பினார்கள். தர்மபுரி, கல்வராயன் மலைப் பக்கங்களில் உரிமமின்றி வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்போர்மீது வழக்கு இராது என்று காவல்துறையினர் அவ்வப்போது தண்டோராப் போடுவதும், ஊர்ப் பொதுவிடத்தில் யாரோ வைத்துச் சென்ற துப்பாக்கிகளைக் காலையில் எடுத்துச் செல்வதும் இன்றும் நடப்பவை.

உரிமம் பெற்றவரின் நிலை வேறு. கவரைப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் துப்பாக்கி வாங்க விரும்பினால், மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதி, காவல் நிலையத்தாரின் விசாரணையும் வருவாய்த் துறையின் அறிக்கையும் மருத்துவச் சான்றும் பயிற்சிச் சான்றும் சேர்த்து, பிறகு காத்திருக்கவேண்டும். உரிமப் புத்தகம் கைக்கு வந்தபின், எந்த ஆயுதம், அதன் எண் என்ன, எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை வாங்கினார் என்பதெல்லாம் அதில் ஏறும். தேர்தல் அறிவிப்பு வெளியானதும் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு வருவார். எழுத்தர் எண்ணைச் சரிபார்த்து, அட்டை கட்டி, ரசீது கொடுப்பார். வாக்கு எண்ணிக்கை முடிந்தபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுவார். இத்தனை தூரம் சர்க்காரின் கண்பார்வையில் இருக்கும் துப்பாக்கியால் குற்றம் நிகழ்வது அரிது. 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட சம்பவத்தைத் தமிழர்கள் இன்னமும் தேதியோடு நினைவு வைத்திருப்பதற்கு, சம்பந்தப்பட்டவர்களின் புகழ் ஒரு காரணம் என்றால், துப்பாக்கிச் சூடு இங்கே அத்தனை அபூர்வம் என்பது மற்றொரு காரணம்.

பிற தேசங்களுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1920ஆம் ஆண்டின் சட்டம்தான் துப்பாக்கிக்கு முதன்முதலாக முறையான உரிமத்தைக் கட்டாயமாக்கியது. முதல் உலகப்போர் முடிந்து படைவீரர் லட்சக்கணக்கில் வேலையின்றித் திரும்பிய காலம். ரஷ்யாவில் புரட்சி வென்றிருந்த காலம். அயர்லாந்து கொதித்துக்கொண்டிருந்த காலம். குற்றத்தைத் தடுக்கவே என்று பார்லிமெண்டில் சொல்லப்பட்டாலும், மந்திரிசபையின் உள்ளத்தில் இருந்தது புரட்சி பற்றிய அச்சமே என்பதை அக்காலத்து ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்தியரிடத்தில் 1878இல் கொண்ட சந்தேகத்தை ஆங்கிலேய ஆளும் வர்க்கம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தன் சொந்தத் தொழிலாளிகளிடத்திலும் கொண்டது என்று இதனைச் சொல்லலாம். பின்னர் அந்நாட்டில் அச்சத்தின் இடத்தைத் துக்கம் பிடித்துக்கொண்டது. 1996 மார்ச் 13ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைகாரன் வைத்திருந்தவை அனைத்தும் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். மறு ஆண்டிலேயே தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைப் பார்லிமெண்டு அறவே தடை செய்தது.

அதே 1996இல், ஏப்ரல் 28ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் போர்ட் ஆர்தர் என்னுமிடத்தில் ஒருவனே முப்பத்தைந்து பேரைக் கொன்றான். பன்னிரண்டே நாட்களில் பிரதமர் ஜான் ஹோவர்டு மாகாணங்கள் யாவற்றையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். தானாகத் தோட்டா ஏறும் ரைபிள்கள் தடை செய்யப்பட்டன. ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சர்க்கார் விலை கொடுத்து வாங்கி உருக்கிற்று. நியூசிலாந்து 2019 மார்ச்சில் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் ஐம்பத்தொருவர் மாண்டபின் ஒரே மாதத்துக்குள் சட்டம் இயற்றிற்று; பார்லிமெண்டில் எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு. இவ்விரண்டும் கடல் சூழ்ந்த நாடுகள் என்பதை ஒப்பீட்டாளர்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். என் நோக்கில் அது அச்சட்டங்களின் வெற்றிக்குப் பாதிக் காரணம். உருக்கிய துப்பாக்கிக்குப் பதிலாகப் பக்கத்து நாட்டிலிருந்து ஓர் இரவில் வேறொன்று வந்துசேர அங்கே பாதை இல்லை.

பாதை இருந்தால் என்னவாகும் என்பதற்கு மெக்சிகோ சாட்சி. அங்கே துப்பாக்கியைச் சட்டப்படி வாங்குவதென்றால் ராணுவம் நடத்தும் கடையை நாடவேண்டும். விசாரணைகளோ பல மாதங்கள் நீள்பவை. காகிதத்தில் பார்த்தால் உலகின் மிகக் கண்டிப்பான முறைகளுள் ஒன்று. ஆனால் வடக்கே ஆயிரக்கணக்கான மைல் நீளும் எல்லையின் மறுபுறம், எவரும் கடைக்குச் சென்று வாங்கக்கூடிய தேசம் இருக்கிறது. மெக்சிகோவின் போதைப்பொருள் கும்பல்கள் ஏந்தும் துப்பாக்கிகளிற் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. துப்பாக்கி உற்பத்தி செய்யும் அமெரிக்கக் கம்பெனிகள்மீது மெக்சிகோ சர்க்கார் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025இல் தள்ளிவிட்டது. நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள கனடாவும் இதே அண்டை வீட்டால் அவதிப்படுகிறது. 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையையே அந்நாடு நிறுத்திவிட்டது. என்றாலும் டொரண்டோ நகரத்துப் போலீசார் குற்றவாளிகளிடமிருந்து கைப்பற்றும் கைத்துப்பாக்கிகளுள் மிகுதியானவை தெற்கு எல்லையைத் தாண்டி வந்தவையே.

அமெரிக்காவின் சட்டம் ஏனைய தேசங்களின் சட்டத்துக்கு நேர் எதிரான அச்சத்திலிருந்து பிறந்தது. ஆளுவோர் ஆளப்படுவோரைக் கண்டு அஞ்சியது இங்கே. ஆளப்படுவோர் ஆளுவோரைக் கண்டு அஞ்சியது அங்கே. 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், மன்னனின் படைக்கு எதிராகக் குடிப்படையை நிறுத்திய மக்களின் நினைவிலிருந்து எழுதப்பட்டது. அதன்பின் 1934, 1968, 1993 என்று பல சட்டங்கள் வந்தன. உரிமம் பெற்ற வியாபாரி வாங்குபவரின் பூர்வோத்தரத்தை விசாரித்தாக வேண்டும், ஆனால் ஒரு தனி மனிதர் மற்றொருவருக்கு விற்கையில் மத்திய சட்டப்படி அந்த விசாரணை வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தில் 1913 முதல் ஓர் ஏற்பாடு இருந்தது: கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச்செல்ல விரும்புவோர் தக்க விசேஷக் காரணத்தை அதிகாரியிடம் நிரூபிக்கவேண்டும். நம் மாவட்ட ஆட்சியர் இன்றும் பிரயோகிக்கும் அதிகாரம் ஏறத்தாழ இதுவேதான். 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அடித்துவிட்டது. ஓர் அதிகாரி உரிமையை எடைபோட்டு வழங்குவதா என்று அங்கே கேட்டார்கள். இங்கே அது உரிமையே அன்று, சலுகை. 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் என்பதை நம் பத்திரிகைகள் எழுதுவதில்லை. கோபமோ விரக்தியோ தணிவதற்குள் கைக்கெட்டும் இடத்தில் ஆயுதம் இருப்பதன் விளைவு அது.

ஜப்பானின் விஷயம் தனி. 1588இல் ஹிதேயோஷி குடியானவர்களின் வாள்களைப் பறித்தது முதல், சாமானியன் ஆயுதம் தாங்காத மரபு அங்கே நானூறு ஆண்டுப் பழமை கொண்டது. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்க, வகுப்பில் அமர்ந்து, எழுத்துத் தேர்விலும் சுடும் தேர்விலும் தேறி, மனநலச் சான்று பெற்று, வீட்டில் பூட்டி வைக்கும் பெட்டியைப் போலீசாருக்குக் காட்டவும் வேண்டும். அத்தேசத்தில்தான் 2022 ஜூலை 8ஆம் தேதி நாரா நகரத்து வீதியில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைஞன் அந்தத் துப்பாக்கியைத் தன் கையாலேயே செய்திருந்தான். உலகத்தின் மிகக் கண்டிப்பான உரிமச் சட்டத்தைத் துளைக்க ஒரு குழாயும் சிறிது மருந்தும் போதுமென்றால் சட்டத்தால் என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. நான் அவ்வாறு கேட்கமாட்டேன். தானே செய்துகொள்ள நேரும்போது, ஆயிரம் பேரில் ஒருவனே முயல்வான். கடையில் கிடைக்குமானால் ஆயிரம் பேரும் வாங்குவர். ஜப்பானில் துப்பாக்கியால் மாள்வோர் தொகை இன்றும் மிகச் சொற்பம்.

ஆனால் கைத்தொழிலாகச் செய்வது குடிசைத் தொழிலாகவே வளர்ந்துவிட்ட இடத்தில் அந்த ஆறுதல் செல்லாது. பீகாரின் முங்கேர் நகரம் பதினெட்டாம் நூற்றாண்டில் நவாப் மீர் காசிம் அங்கே ஆயுதச்சாலை அமைத்த நாள் முதல் துப்பாக்கிக் கொல்லர்களின் ஊர். சர்க்காரின் அநுமதி பெற்ற தொழிற்கூடங்களுக்கு உத்தரவும் ஆதாயமும் குன்றியபோது, கைத்திறன் மட்டும் அழியாமல் கள்ளப் பட்டறைகளுக்குப் பெயர்ந்தது. ஜெனீவாவிலுள்ள சிறு படைக்கல ஆய்வு நிறுவனத்தார் 2017ஆம் ஆண்டைக் குறித்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் பொதுமக்களிடம் சுமார் 7 கோடியே 10 லட்சம் துப்பாக்கிகள். அவற்றுள் பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு. மதிப்பீடு என்பதால் அதனை நுனிவிரலால்தான் தொடவேண்டும். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், பேரேட்டில் ஏறாத துப்பாக்கி ஏறியதைவிட மிகப் பெரிய தொகையாகவே நிற்கிறது.

பேரேட்டில் ஏறியவையுங்கூட நாடெங்கும் ஒரே விதமாகப் பரவியிருக்கவில்லை. மத்திய உள்துறை 2016ஆம் ஆண்டு முடிவுக்கு அளித்த கணக்கில், நாடு முழுவதும் இருந்த உரிமங்கள் 33 லட்சத்து 69 ஆயிரத்துக்கு மேல். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரத்துக்கு மேல். தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 22,500. ஜனத்தொகையோடு பொருத்திப் பார்த்தால் தலைக்கு இருபது மடங்கு வித்தியாசம். சட்டம் ஒன்றே, பிரிவுகள் ஒன்றே, மனுவின் படிவமும் ஒன்றே. அங்கே துப்பாக்கி அந்தஸ்தின் அடையாளமாகக் கல்யாண ஊர்வலத்தில் வானை நோக்கி வெடிக்கிறது. இங்கே மாப்பிள்ளை அழைப்பில் சரவெடியோடு சரி. இங்கிலாந்துக்கும் ஜப்பானுக்கும் இடையே சட்டத்தை ஒப்பிடுவோர் லக்னோவுக்கும் திருவள்ளூருக்கும் இடையே ஒப்பிட்டிருந்தால், சட்டத்தின் வாசகத்தால் விளங்காத வேற்றுமை எவ்வளவு என்பதை எளிதில் கண்டிருப்பர்.

லக்னோவுக்கும் திருவள்ளூருக்கும் இடையே கடல் இல்லை. கொல்கத்தாவிலிருந்து வரும் நெடுஞ்சாலை ஆந்திர எல்லையைத் தாண்டி, எளாவூர்ச் சோதனைச் சாவடியையும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் கவரைப்பேட்டையையும் கடந்து சென்னைக்குள் நுழைகிறது. இரும்புக் கம்பியும் பழைய இரும்பும் நிலக்கரியும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் இச்சாலையில் ஒவ்வொரு தார்ப்பாயையும் அவிழ்த்துப் பார்ப்பது நடவாத காரியம். தானாகுளத்துச் சம்பவத்துக்குப் பின் சில காலம், இங்குள்ள உருக்காலைகளிலும் செங்கல் சூளைகளிலும் வயிறு கழுவ வந்த பீகாரியையும் ஒடியாக்காரரையும் வீட்டுக்காரர்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள்; சூளையில் கல் அறுக்கும் குடும்பம் துப்பாக்கி கொண்டுவரவில்லை என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. ஊர்பேர் தெரியாத மனிதனைச் சந்தேகிப்பது மிகச் சுலபமான காவல் முறை. 1871இல் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததும் அதுவே.

2019 டிசம்பரில் நாடாளுமன்றம் படைக்கலச் சட்டத்தைத் திருத்திற்று. அனுமதியின்றித் துப்பாக்கி செய்வோருக்கும் விற்போருக்கும் ஏழாண்டு முதல் ஆயுள்வரை சிறை, கொண்டாட்டத்தில் பிறருக்கு ஆபத்து நேரும்படி சுடுவோருக்கு ஈராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று தண்டனைகள் கூடின. உரிமக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாயிற்று. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் தொகை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்கப்படும் என்று மசோதாவில் இருந்தது, வடநாட்டு உறுப்பினர் பலரின் எதிர்ப்பால் இரண்டாயிற்று. ஓராண்டுக்குள் மூன்றாவதை ஒப்படைக்கவேண்டும் என்ற கெடுவைத் தமிழ்நாட்டில் பத்திரிகை பார்த்து அறிந்தவர்கள், தாத்தா காலத்து இரட்டைக்குழலையோ கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கியையோ எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். இந்த ஒப்படைப்பைக் கணக்கெடுப்பது எளிது, ஆகவே அது கணக்கெடுக்கப்படும். கடினமான கணக்கு வேறொன்று: பிடிபடும் ஒவ்வொரு கள்ளத் துப்பாக்கியும் எந்த மாவட்டத்துப் பட்டறையில் கடையப்பட்டது, அதற்கான தோட்டா எந்த உரிமத்தின் பேரில் வாங்கப்பட்டு எந்தக் கை மாறி வந்தது என்பதைத் தேடி எழுதி, மாநிலவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவது. உரிமம் பெற்ற கடையிலிருந்து தோட்டா கசியாமல் கள்ளப் பட்டறையின் கைத்துப்பாக்கி வெறும் இரும்புதான். ஆதலால் தோட்டாவின் பின்னே போவதே குறுக்குவழி என்பது என் எண்ணம். அத்தகைய ஓர் அறிக்கையைத் தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்திடம் தமிழ்நாடு சர்க்கார் கேட்டுப் பெறுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.